பொம்மைக்குப் புதுமுகம்: தலைநகரின் கடைவீதிகளில் ஒரு தேடல்

பழைய தில்லியின் சாந்தினி சௌக்கை ஒட்டிய குறுகிய சந்துகளில் ஒன்று கினாரி பஜார். மணப்பெண்ணின் ஆடைக்கான ஜரிகை, கோட்டா, கண்ணாடி மணி, பூவேலைப்பாடு கொண்ட கரைத்துணி என்று திருமணத்துக்கு வேண்டிய அலங்காரப் பொருள்கள் அங்கே குவிந்து கிடக்கும். மொத்த வியாபாரம் நடக்கும் அந்தச் சந்தில், கால் மீட்டர் ஜரிகையும் ஒரு கைப்பிடி மணியும் போதும் என்று கேட்டு நிற்கும் வாடிக்கையாளர்களும் உண்டு. அவர்கள் அலங்கரிக்கப் போகும் மணப்பெண்ணின் உயரம் பதினொன்றரை அங்குலம்.

ஆலையில் வார்த்த பொம்மையை வாங்கி, அதன் முகப்பூச்சை அழித்து, புதிதாகக் கண்ணும் புருவமும் உதடும் தீட்டி, முடியை மாற்றி நட்டு, தாமே தைத்த உடையை உடுத்தி அலமாரியில் வைக்கும் பழக்கம் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் தென்கொரியாவிலும் வேரூன்றி ஆண்டுகள் பலவாகின்றன. இந்தியாவின் பெருநகரங்களிலும் இது மெல்லப் பரவியுள்ளது. இதில் ஈடுபடுவோரில் பெரும்பாலோர் குழந்தைகள் அல்லர். சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கும் பெரியவர்கள்.

பார்ப்பதற்கு விளையாட்டாகத் தோன்றும் இந்தப் பழக்கத்தை, கடந்த சில ஆண்டுகளில் சுங்கத் தீர்வை, தரக் கட்டுப்பாட்டு ஆணை, கைவினைஞர் பதிவு என்று மத்திய அரசின் பல முடிவுகள் தொட்டுச் சென்றிருக்கின்றன. எது பொம்மை, யாருக்கான பொம்மை என்ற கேள்விக்கு அரசு தரும் விடையைப் பொறுத்தே ஒரு பொம்மையின் விலையும், அதை உருவாக்கும் கைகளின் பிழைப்பும் அமைகின்றன.

கேலிச் சித்திரக்காரரின் பொம்மைகள்

தலைநகருக்கும் சேகரிப்புப் பொம்மைகளுக்கும் உள்ள உறவு இன்று நேற்று ஏற்பட்டதன்று. பகதூர் ஷா ஜாபர் மார்கில் உள்ள நேரு இல்லத்தில் இயங்கும் சங்கர் சர்வதேசப் பொம்மை அருங்காட்சியகம் அதற்குச் சான்று. இதை நிறுவியவர் நாடறிந்த அரசியல் கேலிச் சித்திரக்காரர் கே. சங்கர் பிள்ளை. 1948-இல் "சங்கர்ஸ் வீக்லி' இதழைத் தொடங்கிய அவர், தம்மையும் விட்டுவைக்க வேண்டாம் என்று நேருவே கேட்டுக்கொள்ளும் அளவுக்கு அரசியல்வாதிகளைத் தூரிகையால் கிண்டல் செய்தவர். அவசரநிலை அமலில் இருந்த 1975-இல் அந்த இதழ் நின்றுபோனது.

அதே மனிதர்தாம் குழந்தைகளுக்காகச் சர்வதேச ஓவியப் போட்டியையும் நடத்தி வந்தார். 1950-களின் தொடக்கத்தில் தில்லியிலிருந்த ஹங்கேரித் தூதர் அப்போட்டிக்கான பரிசாக ஒரு பொம்மையை அளித்தார். ஹங்கேரி நாட்டு மரபு உடை அணிந்திருந்த அந்தப் பொம்மையின் மீது சங்கருக்கு ஈர்ப்பு ஏற்பட்டது. அதன் பிறகு வெளிநாடுகளுக்குச் செல்லும்போதெல்லாம் அந்தந்த நாட்டு உடையணிந்த பொம்மைகளை வாங்கி வரத் தொடங்கினார். ஊர் ஊராகக் கண்காட்சியில் வைத்த அந்தச் சேகரிப்புக்கு நிலையான ஓர் இடம் வேண்டும் என்ற யோசனை இந்திரா காந்தியிடமிருந்து வந்தது. 1965 நவம்பர் 30-ஆம் தேதி அன்றைய குடியரசுத் தலைவர் எஸ். ராதாகிருஷ்ணன் அருங்காட்சியகத்தைத் திறந்து வைத்தார்.

ஏறத்தாழ 1,000 பொம்மைகளுடன் தொடங்கிய அந்தச் சேகரிப்பு, 85 நாடுகளைச் சேர்ந்த 6,500 பொம்மைகளாக வளர்ந்தது. ஆனால் பொம்மைகளைத் தம் கையால் மாற்றியமைக்க விரும்புவோர் கவனிக்க வேண்டியது, கண்ணாடிப் பெட்டிகளைவிட அருங்காட்சியகத்தை ஒட்டி உருவான பொம்மைப் பட்டறையைத்தான். இந்தியாவின் பல்வேறு மாநில மக்களின் முகச்சாயல், உடை, அணிகலன் ஆகியவற்றை ஆராய்ந்து, மணமக்கள், நடனக் கலைஞர்கள், பழங்குடியினர் என சுமார் 150 வகைப் பொம்மைகளை அங்குள்ள கைவினைஞர்கள் உருவாக்கினர். வெளிநாடுகளிலிருந்து வரும் அன்பளிப்புப் பொம்மைகளுக்குப் பதிலாக இவை அனுப்பப்பட்டன. சேகரிப்பாளர்களுக்கு விற்கவும் பட்டன. 1980-இல் போலந்தின் கிராகோவ் நகரில் நடைபெற்ற பொம்மைக் கண்காட்சியில் இந்தப் பட்டறையின் பொம்மைகள் முதல் பரிசு பெற்றன.

ஒரு புடவையின் கொசுவம் பொம்மையின் அளவுக்குச் சுருங்கும்போது எந்தத் துணி மடியும், எந்தத் துணி விறைத்து நிற்கும் என்பது போன்ற நுணுக்கங்களை இந்தப் பட்டறை அரை நூற்றாண்டுக்கு முன்பே கற்றுக்கொண்டது. இன்று வீட்டு மேசையில் அமர்ந்து பொம்மைக்கு உடை தைப்போர் தட்டுத் தடுமாறித் தாமே கற்பதும் அதே பாடத்தைத்தான்.

எதை வாங்குவது?

மாற்றியமைக்க ஏற்ற பொம்மையைத் தேர்ந்தெடுப்பது தனிக்கலை. உலகெங்கும் இதற்குப் பெயர்பெற்ற சில வகைகள் உள்ளன. 1959 மார்ச்சில் நியூயார்க் பொம்மைக் கண்காட்சியில் அறிமுகமான பார்பி அவற்றில் மூத்தது. பெரிய தலையும், நூலை இழுத்தால் நிறம் மாறும் கண்களும் கொண்ட பிளைத் பொம்மை 1972-இல் அமெரிக்காவில் வெளிவந்து ஓராண்டுடன் நின்றுபோனது. சுமார் முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 2001-இல் ஜப்பானிய நிறுவனம் அதற்கு மறுவாழ்வு அளித்தது. அதன் பிறகே அது சேகரிப்பாளர்களின் செல்லப் பொம்மையாயிற்று. 2010-இல் அறிமுகமான மான்ஸ்டர் ஹை பொம்மைகள், கூர்மையான முக அமைப்பாலும் மடங்கும் மூட்டுகளாலும் ஓவியக் கைகளைக் கவர்ந்தன. இவற்றுக்கெல்லாம் மேலான விலையில் இருப்பவை, ஜப்பானில் 1990-களின் இறுதியில் உருவாகி, கொரியாவிலும் சீனாவிலும் பெருகிய பந்து மூட்டுப் பொம்மைகள். பிசினில் வார்த்து, உள்ளே மீள்கயிறு கோத்து இணைக்கப்படும் இவை, மாற்றியமைக்கப்படுவதற்கென்றே விற்கப்படுகின்றன. கண், தலைமுடி, கை எனத் தனித்தனியாக வாங்கிப் பொருத்தலாம்.

புதிதாகத் தொடங்குவோருக்கு அனுபவசாலிகள் கூறும் முதல் அறிவுரை, விலையுயர்ந்த பொம்மையை வாங்கக் கூடாது என்பதே. எப்படியும் முகம் அழிக்கப்படப் போகிறது. உடையும் களையப்படப் போகிறது. ஆகவே, குழந்தைகள் விளையாடி ஒதுக்கிய பழைய பொம்மையே சிறந்த தொடக்கம். ஆனால் பழைய பொம்மையிலும் பார்க்க வேண்டியவை பல. மென்மையான வினைல் பிளாஸ்டிக்கில் சேர்க்கப்படும் குழைமப் பொருள் காலப்போக்கில் வெளியே கசிந்து மேற்பரப்பைப் பிசுபிசுப்பாக்கும். அத்தகைய முகத்தில் வண்ணம் நிற்காது. வினைல் பகுதி கடினப் பிளாஸ்டிக்குடன் நீண்ட காலம் ஒட்டிக் கிடந்தால் உருகிய தழும்பு விழும். சாயம் போகும் கருநிற உடை, உடம்பில் கறையைப் பதித்திருக்கும்.

முடியின் தரமும் முக்கியம். நைலான், சரான் இழைகள் வெந்நீரில் நனைத்தால் விரும்பிய வடிவில் படியும். மலிவான பொம்மைகளில் காணப்படும் பாலிபுரொப்பிலின் இழை சிக்குப் பிடித்தால் மீள்வது கடினம்; ஒவ்வொரு துளையிலும் ஊசியால் புதுமுடி நடுவதைத் தவிர வழியில்லை.

முகப்பூச்சை அழிக்கப் பயன்படும் அசிட்டோன், வினைல் தலையைப் பெரும்பாலும் பாதிப்பதில்லை. ஆனால் அதே திரவம் கடினப் பிளாஸ்டிக் உடலில் பட்டால் மேற்பரப்பைக் கரைத்துவிடும். புது வண்ணத்துக்கு மேலும் கீழும் தெளிக்கப்படும் காப்புப் பூச்சு நுரையீரலுக்குத் தீங்கானது என்பதால், ஆவியை வடிகட்டும் முகக்கவசம் இன்றி அதைக் கையாளக் கூடாது. ஈரப்பதம் மிகுந்த நாளில் தெளித்தால் பூச்சு வெளுத்துப் பனிமூட்டம் போல் படியும். ஆகவே பருவமழைக் காலத்தில் இந்த வேலையைத் தள்ளிப்போடுவதே நல்லது.

கடைவீதி வரைபடம்

இதற்கான பொருள்கள் அனைத்தும் ஒரே கடையில் கிடைப்பதில்லை. சதர் பஜாரின் தேலிவாடா பகுதி, பொம்மை மொத்த வியாபாரத்துக்குப் பெயர்பெற்றது. மலிவான வெற்றுப் பொம்மைகளைத் தேடுவோர் செல்லும் இடம் அது. துணிக்குக் கன்னாட் பிளேஸ் அருகேயுள்ள சங்கர் மார்க்கெட். ஜரிகைக்கும் மணிக்கும் கினாரி பஜார். தூரிகைக்கும் வண்ணத்துக்கும் நயி சடக். கடைசியாக, மரபுப் பொம்மைகளைப் பார்த்துக் கற்கவும் வாங்கவும் பாபா கரக் சிங் மார்கில் வரிசையாக அமைந்த மாநில அரசுகளின் கைவினைப்பொருள் விற்பனையகங்களும், 1994-இல் தொடங்கப்பட்ட தில்லி ஹாட்டும் உள்ளன.

அந்த விற்பனையக வரிசையில் தமிழக அரசின் பூம்புகாரும் ஒன்று. தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மை, நடனப் பொம்மை ஆகியவற்றை இத்தகைய விற்பனையகங்கள்தாம் வட இந்தியருக்கு அறிமுகப்படுத்தின. கூழில் வார்க்கப்படும் நடனப் பொம்மையின் தலை, உடல், பாவாடை ஆகியவை தனித்தனிப் பகுதிகளாகக் கழற்றக் கூடியவை என்பதால், அதை விருப்பம்போல் வண்ணம் மாற்றி அலங்கரிப்பதும் எளிது. தலைநகரில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கோ பொம்மையைப் புதுப்பிப்பது புதிய செய்தியன்று. நவராத்திரிக்கு முன் பரணிலிருந்து இறக்கப்படும் கொலுப் பொம்மைகளில் நிறம் மங்கியவற்றுக்கு வீட்டிலேயே வண்ணம் பூசுவதும், மரப்பாச்சிக்குப் பட்டுத் துண்டு சுற்றி நகை அணிவிப்பதும் தலைமுறைகளாகத் தொடரும் வழக்கம். கடல் கடந்து வந்த புதிய பழக்கம், இந்த வகையில் பழையதொன்றின் உறவுக்காரர்தான்.

நிறத்தின் அரசியல்

தொழிற்சாலைப் பொம்மையை ஏன் மாற்ற வேண்டும்? வாங்கியபடியே வைத்தால் என்ன? இக்கேள்விக்கு இந்தியாவில் கிடைக்கும் விடைகளில் முக்கியமானது, தோலின் நிறம். இந்தியக் கடைகளில் நீண்ட காலம் ஆட்சி செய்தது வெளிர் தோலும் பொன்னிறக் கூந்தலும் கொண்ட பொம்மையே. புடவை கட்டி, பொட்டு வைத்து விற்கப்பட்டபோதும், பொம்மையின் நிறம் இந்தியத் தெருக்களில் பெரும்பான்மையாகக் காணப்படும் நிறமாக இருக்கவில்லை.

பொம்மையின் நிறம் சிறு விஷயமன்று என்பதை அமெரிக்க வரலாறு காட்டுகிறது. நிறத்தில் மட்டும் வேறுபட்ட பொம்மைகளைக் கொடுத்து, எது நல்ல பொம்மை என்று குழந்தைகளிடம் கேட்டனர் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற கருப்பின உளவியல் தம்பதியர். கருப்பினக் குழந்தைகளிலேயே பலர் வெள்ளைப் பொம்மையைச் சுட்டிக்காட்டினர். பள்ளிகளில் இனப் பாகுபாட்டைச் சட்டவிரோதம் என்று அறிவித்த 1954-ஆம் ஆண்டுத் தீர்ப்பில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கிளார்க்கின் ஆய்வை மேற்கோள் காட்டியது. எனினும் பார்பி என்ற பெயரிலேயே கருப்பினப் பொம்மை வெளிவர 1980 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பல தோல் நிறங்களும் வெவ்வேறு உடலமைப்புகளும் கொண்ட வரிசை 2016-இல் வந்தது. 2024 அக்டோபரில் இந்திய ஆடை வடிவமைப்பாளர் அனிதா டோங்ரே உருவாக்கிய உடையில் தீபாவளிப் பார்பி ஒன்று வெளியிடப்பட்டது.

நிறுவனங்கள் மெல்ல எடுத்து வைத்த இந்த அடிகளை, தூரிகை பிடித்த தனிநபர்கள் தம் வீட்டு மேசையிலேயே முன்கூட்டி எடுத்துவிட்டனர். மாநிறத் தோல், அடர்ந்த புருவம், கருங்கூந்தல், மூக்குத்தி என்று தம் வீட்டுப் பெண்ணின் சாயலில் ஒரு முகத்தைத் தீட்டுவது, சந்தை தராததைத் தாமே செய்துகொள்ளும் முயற்சி. அதற்காக அவர்கள் செலவிடும் மணிக்கணக்கான நேரத்தை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட முடியாது.

தீர்வையும் தரமும்

சந்தையைப் புரட்டிப்போட்ட மாற்றங்கள் 2019-20-இல் தொடங்கின. தில்லி மற்றும் சுற்றுப்புறச் சந்தைகளில் விற்பனையான இறக்குமதிப் பொம்மைகளை இந்தியத் தரக் குழுமம் 2019-இல் சோதித்தபோது, சுமார் 67 விழுக்காடு பாதுகாப்புச் சோதனைகளில் தேறவில்லை. அதற்கு முன்பே, 2010-இல், அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் சந்தையில் வாங்கிச் சோதித்த 24 பொம்மைகள் அனைத்திலும், பிளாஸ்டிக்கைக் குழைக்கப் பயன்படும் தாலேட் ரசாயனம் இருப்பதைக் கண்டறிந்தது. குழந்தைகள் வாயில் வைத்துக் கடிக்கும் பொருளில் நச்சு இருக்கக் கூடாது என்பதில் இரு கருத்துக்கு இடமில்லை.

2019 டிசம்பரில், இறக்குமதியாகும் ஒவ்வொரு பொம்மைச் சரக்கிலிருந்தும் மாதிரி எடுத்துச் சோதிப்பது கட்டாயமாக்கப்பட்டது. அதே மாதத்தில், வெளிநாட்டிலிருந்து அன்பளிப்பு என்ற பெயரில் தீர்வையின்றிப் பொருள்களைத் தருவிக்கும் வழியும் அடைக்கப்பட்டது. 2020 பிப்ரவரியில் பொம்மைகளுக்கான அடிப்படைச் சுங்கத் தீர்வை 20 விழுக்காட்டிலிருந்து 60 விழுக்காடாகவும், 2023-இல் 70 விழுக்காடாகவும் உயர்ந்தது. 2020-இல் பிறப்பிக்கப்பட்ட தரக் கட்டுப்பாட்டு ஆணை, சிறு உற்பத்தியாளர்கள் அவகாசம் கோரியதை அடுத்துத் தள்ளிவைக்கப்பட்டு, 2021 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்தது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரை இல்லாத பொம்மையைத் தயாரிப்பதும் விற்பதும் குற்றமாயிற்று.

இதனிடையே, 2020 ஆகஸ்ட் 30-ஆம் தேதி "மனதின் குரல்' வானொலி உரையில் பிரதமர் மோடி, உலகப் பொம்மைச் சந்தையில் இந்தியா பங்கு பெற வேண்டும் என்று அழைப்பு விடுத்தார். நீட், ஜேஇஇ தேர்வுகளைத் தள்ளிவைக்குமாறு மாணவர்கள் கோரிக் கொண்டிருந்த வேளை அது. மாணவர்கள் எதிர்பார்த்தது தேர்வு பற்றிய பேச்சு. பிரதமர் பேசியதோ பொம்மை பற்றி என்று ராகுல் காந்தி விமர்சித்தார். மறு ஆண்டு பிப்ரவரி இறுதியில் முதலாவது இந்தியப் பொம்மைக் கண்காட்சி இணைய வழியில் நடைபெற்றது.

அரசின் கணக்குப்படி, 2018-19-இல் 37.1 கோடி டாலராக இருந்த பொம்மை இறக்குமதி, 2021-22-இல் 11 கோடி டாலராகக் குறைந்தது. ஏற்றுமதி 20.2 கோடி டாலரிலிருந்து 32.6 கோடி டாலராக உயர்ந்தது. இது உள்நாட்டுத் தொழிலின் வெற்றி என்கிறது அரசு. தீர்வைச் சுவரே இறக்குமதியைத் தடுத்தது. உற்பத்தித் திறன் அந்த அளவுக்கு வளரவில்லை என்பது பொருளாதார ஆய்வாளர்கள் சிலரின் வாதம்.

எது பொம்மை?

இந்த நடவடிக்கைகளின் நோக்கம் குழந்தைகளின் பாதுகாப்பு. ஆனால் வலை வீசப்பட்டபோது வேறு மீன்களும் சிக்கின. தரக் கட்டுப்பாட்டு ஆணையின் வரையறைப்படி, 14 வயதுக்குட்பட்ட குழந்தைகள் விளையாடுவதற்கென வடிவமைக்கப்பட்ட பொருளே பொம்மை. பெரியவர்கள் அலமாரியில் வைக்க வாங்கும், விலையுயர்ந்த பந்து மூட்டுப் பொம்மை அதில் அடங்குமா? வரையறையைப் படித்தால் அடங்காது என்று தோன்றும். ஆனால் பெட்டியைப் பிரிக்கும் அதிகாரியின் கண்ணுக்குப் பொம்மை பொம்மைதான். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009-ஆம் ஆண்டுப் பொம்மைப் பாதுகாப்பு நெறிமுறை, 14 வயதுக்கு மேற்பட்ட சேகரிப்பாளருக்கானது என்ற குறிப்புடன் வரும் அலங்காரப் பொம்மைகளையும் நாட்டார் பொம்மைகளையும் வெளிப்படையாகவே விலக்கி வைத்தது. அத்தகைய தெளிவு, வாங்குவோருக்கும் அதிகாரிக்கும் ஒருசேர உதவும்.

மற்றொரு சிக்கல், தீட்டி விற்போருடையது. முத்திரையுள்ள பொம்மையை வாங்கி, முகத்தை மாற்றி விற்கும் இல்லத்தரசி, சட்டத்தின் பார்வையில் உற்பத்தியாளரா, ஓவியரா? புதிதாகப் பூசிய வண்ணம் சோதிக்கப்படாதது என்பதால், குழந்தைக்கு அதை விற்பது முறையன்று. ஆனால் சேகரிப்பாளருக்கு விற்கும் ஒற்றைப் பொம்மைக்குச் சோதனைக்கூடச் சான்று பெறுவதோ நடைமுறையில் இயலாதது.

மரபுக் கைவினைஞர்கள் விஷயத்தில் அரசு ஓரளவு செவிசாய்த்தது. 2020 டிசம்பரில் வெளியான திருத்தத்தின்படி, ஜவுளி அமைச்சகத்தின் கீழுள்ள கைவினைப்பொருள் வளர்ச்சி ஆணையரிடம் பதிவு செய்த கைவினைஞர்கள் தயாரித்து விற்கும் பொம்மைகளுக்கும், புவிசார் குறியீடு பெற்ற பொம்மைகளுக்கும் விலக்கு அளிக்கப்பட்டது. கர்நாடகத்தின் சென்னபட்டணம், ஆந்திரத்தின் கொண்டபள்ளி, தெலங்கானாவின் நிர்மல், தமிழகத்தின் தஞ்சாவூர் ஆகியவை இதனால் மூச்சுவிட்டன. ஆனால் விலக்குக்குப் பதிவு அட்டை வேண்டும். அட்டைக்கு நிலையான முகவரி வேண்டும்.

முகவரி என்பது தலைநகரிலேயே எவ்வளவு நிலையற்றது என்பதற்கு ஷாதிபூரின் கட்புத்லி காலனி சாட்சி. ராஜஸ்தானிலிருந்து வந்த பொம்மலாட்டக்காரர்கள், மந்திர வித்தைக்காரர்கள், கழைக்கூத்தாடிகள் பல தலைமுறைகளாக வாழ்ந்த அந்தக் குடியிருப்பு, அடுக்குமாடி மறுகுடியமர்வுத் திட்டத்துக்காக 2017 அக்டோபரில் இடிக்கப்பட்டது. ஆனந்த் பர்பத் இடைக்கால முகாமுக்கும் நரேலாவுக்கும் குடும்பங்கள் பிரிந்தன. மாமரக் கட்டையில் முகம் செதுக்கி, கண் தீட்டி, பழைய துணியில் கோட்டா வைத்துப் பாவாடை தைத்து, ஒவ்வொரு பொம்மைக்கும் தனிமுகம் கொடுத்தவர்கள் அவர்கள்.

பொம்மைத் தொழிலில் உலக மையமாக இந்தியாவை ஆக்குவோம் என்று 2025-26 நிதிநிலை அறிக்கையும் அறிவித்தது. அதற்கான ஆலைகளும் தொகுப்புகளும் தேவைதான். கூடவே, குழந்தையின் கைக்குச் செல்லும் பொம்மையையும் பெரியவரின் அலமாரிக்குச் செல்லும் பொம்மையையும் பிரித்துக் காட்டும் தெளிவான விதியும், வீட்டிலிருந்தே தீட்டித் தைப்போர் எளிதில் பதிவு செய்துகொள்ளும் வழியும் தேவை. செலவு அதிகமில்லாத இவ்விரண்டையும் செய்வதற்குப் புதிய சட்டம் கூட வேண்டியதில்லை. இருக்கும் ஆணைக்கு விளக்கம் அளித்தாலே போதும்.

ஹங்கேரிப் பொம்மை ஒன்று வெளிநாட்டிலிருந்து வந்ததால்தான், இந்திய உடைகளில் 150 வகைப் பொம்மைகள் தில்லிப் பட்டறையில் பிறந்தன. எல்லை தாண்டி வந்த ஒரு பொம்மை உள்ளூர்க் கைகளுக்கு வேலை கொடுத்த அந்த வரலாறு, ஆணைகள் எழுதப்படும் அலுவலகங்களிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில் கண்ணாடிப் பெட்டிகளுக்குள் காத்திருக்கிறது.